ஈஜோக் சட்டமன்றத் தொகுதியும் காலிட் இப்ராஹிமும்: தோட்டத்து வாக்காளருக்குக் கிடைத்தது என்ன?

செம்பனை நிழல்:
மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், எங்கள் ஈஜோக் தொகுதியில் உள்ள பெஸ்தாரி ஜெயாவை இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லிப் பழகிய எங்கள் தலைமுறைக்கு 2007 ஏப்ரல் மாதம் மறக்காது. சட்டமன்ற உறுப்பினர் கே. சிவலிங்கம் காலமானதால் ஈஜோக்கில் இடைத்தேர்தல் வந்தது. அன்றைய ஆளும் கூட்டணியைச் சேர்ந்த ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கே. பார்த்திபன் 5,884 வாக்குகள் பெற்று வென்றார், எதிர்க்கட்சியான பி.கே.ஆர். (மக்கள் நீதிக் கட்சி) சார்பில் நின்ற டான்ஸ்ரீ காலிட் இப்ராஹிமுக்கு 4,034 வாக்குகள் கிடைத்தன. அடுத்த ஆண்டே அதே காலிட்டை ஈஜோக் தேர்ந்தெடுத்தது, அவர் சிலாங்கூரின் மந்திரி பெசார், அதாவது மாநில முதலமைச்சர், ஆனார், 2013இல் போர்ட் கிள்ளான் தொகுதிக்கு மாறிக்கொண்டார். தோற்றபோது ஒரு வருடம் காத்திருந்து மீண்டும் இதே மக்களிடம் வந்தவர், ஜெயித்து ஐந்தாண்டு ஆண்ட பிறகு இங்கே நிற்கவில்லை. எங்கள் தொகுதி அவருக்கு ஏணியாகத்தான் இருந்தது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

கிராணி மகன்:
மாற்றுக் கருத்து எனக்கு உண்டு, ஐயா. ஒரு சட்டமன்ற உறுப்பினரை, எத்தனை திருமணத்துக்கும் துக்க வீட்டுக்கும் வந்தார் என்று எண்ணி மதிப்பிடுவது நமக்குப் பழகிவிட்டது. 2008 மார்ச் 8ஆம் தேதி சிலாங்கூர் சட்டமன்றத்தின் 56 இடங்களில் 36ஐ எதிரணி கைப்பற்றி, மாநில ஆட்சி முதல்முறையாகக் கைமாறியபோது, அந்த ஆட்சிக்குத் தலைமை தாங்கியவர் நம் தொகுதிக்காரர். அதே ஆண்டு ஜூன் மாதம் முதல் வீட்டுக்கு மாதம் 20 கன மீட்டர் தண்ணீர் இலவசமாயிற்று. தகவல் அறியும் உரிமைக்கு 2011இல் மாநிலச் சட்டம் வந்தது. அவர் பதவி விலகியபோது மாநிலச் சேமிப்பு 3 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. சட்டமும் கஜானாவும்தான் சட்டமன்றத்தின் வேலை. அதை அவர் செம்மையாகச் செய்தார்.

செம்பனை நிழல்:
தண்ணீரைச் சொன்னீர்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன். அப்போது நாங்கள் இருந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு மீட்டர் கிடையாது; தோட்ட நிர்வாகம் திறந்துவிடும் நேரத்தில் பிடித்து வைக்கும் தண்ணீர்தான். டவுனில் இருந்த என் தங்கை வீட்டுக்கு பில் குறைந்தது, எங்கள் வாசலுக்கு அந்தச் சலுகை வரவே இல்லை. மந்திரி பெசாரின் சொந்தத் தொகுதியில், அவருக்கு வாக்களித்த லயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கஜானாவில் சேர்ந்த பணத்தைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். செலவழிக்காத பணம் லயத்துக் கூரையை மாற்றாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
தம்பிகள் இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். 2007இல் நான் பார்த்திபனுக்கு வாக்களித்தேன். நம் பிள்ளை என்ற எண்ணம் ஒரு காரணம். இன்னொரு காரணம் காலிட் வந்த வழி. 1981இல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப்பொழுதில் கத்ரி (Guthrie) என்ற தோட்ட நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, ஆங்கிலேயர் கையிலிருந்த தோட்டங்களை மலேசியாவின் உடைமையாக்கிய நடவடிக்கையில் முன்னின்றவர் அவர். பின்னாளில் அதே கத்ரிக்குத் தலைமை அதிகாரியாகவும் இருந்தார். நாட்டுக்கு அது பெருமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளைக்காரத் துரை போய் நம் நாட்டுத் துரை வந்த பிறகும் பால்வெட்டுக்காரருக்கு நாள்கூலிதான் என்பதைக் கண்ணால் கண்டவள், துரையாக இருந்தவரிடம் நம் குறையைச் சொன்னால் எந்தப் பக்கத்திலிருந்து கேட்பார் என்று தயங்கினேன். அந்தப் பிரசாரத்தின்போது பல வருடம் குண்டும் குழியுமாகக் கிடந்த எங்கள் பாதைக்குத் தார் போட்டார்கள், தெருவிளக்கும் வந்தது. ஒரு மரணம் நிகழ்ந்தால்தான் நமக்குச் சாலை கிடைக்குமா என்ற வருத்தம் வாக்களித்த பிறகும் என்னை விடவில்லை. 2008இல் என் வாக்கு காலிட்டுக்குப் போனதற்கு அந்த வருத்தமே காரணம். அவருடைய கட்சியோ பேச்சோ காரணமல்ல.

கிராணி மகன்:
அக்கா, உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் சாலையும் விளக்கும் வடிகாலும் உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. 1976ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சித் தேர்தலை ஒழித்துவிட்டதால், மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. அவர்களை வாக்கால் தட்டிக் கேட்க வழியில்லாத நாம், எல்லாவற்றையும் சட்டமன்ற உறுப்பினரின் தலையில் கட்டுகிறோம். ஈஜோக்கை விட்டுப் போனார் என்பதும் கட்சி தொகுதிகளைப் பங்கிடும் முறையால் வருவது. 2014 ஆகஸ்டில் கட்சியே அவரை நீக்கியது, செப்டம்பரில் பதவி போனது. கட்சியின் முடிவுகளுக்கெல்லாம் ஒரு மனிதரைக் குற்றம் சொல்ல முடியாது.

செம்பனை நிழல்:
கட்சி அரசியலை நான் பேசவில்லை, நிலத்தைப் பேசுகிறேன். கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள், 245 குடும்பங்கள், சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு போராடியதை இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. மாநிலத்தின் தலைவரும் தொகுதியின் உறுப்பினரும் ஒரே மனிதராக இருந்த அந்த ஐந்தாண்டை விடப் பொருத்தமான காலம் அவர்களுக்கு வாய்த்ததா? அடிக்கல் நாட்டப்பட்டது 2024இல், அதுவும் பிரதமர் அன்வார் இப்ராஹிமின் கையால். 2022இல் காலமான ஒருவரைக் குறை சொல்ல எனக்கு ஆசை இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வி அவருடைய ஐந்தாண்டைப் பற்றியது, அதனால் கேட்கிறேன்.

கிராணி மகன்:
இந்த இடத்தில் உங்களை மறுக்க என்னிடம் வலுவான பதில் இல்லை, ஐயா. தோட்ட நிலம் தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது, வீடு கட்டும் பணத்துக்கு மத்திய அரசின் கை வேண்டியிருந்தது, அந்த அரசு அன்று எதிர்க்கட்சி மாநிலத்தோடு இணக்கமாக இல்லை, இவ்வளவும் உண்மை. நிறுவனத்தை அழைத்து உட்காரவைத்துப் பேசும் தகுதி, தோட்டத் தொழிலை உள்ளும் புறமும் அறிந்த அவரைவிட வேறு யாருக்கும் இருந்திருக்காது என்பதும் உண்மைதான். இருந்தாலும் ஏணி என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். மாநிலம் முழுமைக்கும் உழைத்த காலம் அது.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
அந்த 245 குடும்பங்களில் என்னிடம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். 2008இல் தாய் தகப்பனோடு வாக்குச்சாவடிக்கு வந்து வெளியே காத்திருந்த சிறுவர்கள், இன்று தாங்களே பிள்ளை பெற்றுவிட்டார்கள். இந்த விவாதத்தைப் படிக்கச் சொல்லி இன்று இரவே அவர்களுக்கு அனுப்பப் போகிறேன்.