நாவல் காட்சியைக் களிமண் அனிமேஷனாக எடுக்கிறோம்: கை ஒடியுது, வெளிச்சம் மினுக்குது

கோபி தமிழாசிரியை:
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) நாவலைக் களிமண் பொம்மைப் படமாக எடுக்கிறாங்க. ஒரு போன், ஒரு ஸ்டாண்டு, அவ்வளவுதான். உள்ளே கட்டுக்கம்பி வச்ச கை நாலஞ்சு அசைவிலேயே ஒடியுது. ஓட்டிப் பாத்தா வெளிச்சம் மினுக்குது. அஞ்சு நிமிசப் படத்துக்கு ஒரு மாசம் போதுங்களா?

பவானிக்காரன்:
போதாதுங்க டீச்சர். பொம்மையைத் துளித்துளியா அசைச்சு ஒவ்வொரு படமா எடுக்கோணும். நொடிக்கு 12 படம்னா அஞ்சு நிமிசத்துக்கு 3600. பள்ளி விட்டதும் ரெண்டு மணி நேரத்துல 70 படம் தேறுனாலே பெரிசு. நாவல் முழுசையும் விட்டுருங்க. நாகம்மாள் தன் பங்கு நிலத்தைப் பிரிச்சுக் கேக்கற ஒரு சண்டையை மட்டும் 90 நொடிக்கு எடுங்க: 1080 படம், பதினஞ்சு பதினாறு சாயங்காலம்.

கட்டுக்கம்பி வளைக்க வளைக்க இறுகி ஒடியும். 1.5 மி.மீ. அலுமினியக் கம்பியை ரெண்டா மடிச்சு லேசா முறுக்குங்க; ரொம்ப முறுக்குனா அதுவும் இறுகிரும். 16 செ.மீ. பொம்மைன்னா மார்பிலயும் இடுப்பிலயும் எம்-சீல் (பிசைஞ்சு வச்சா கெட்டியாகற பசை) வைங்க, வளைய வேண்டிய முழங்கை முழங்கால்ல வேண்டாம். பாதத்துக்குள்ள ஒரு நட்டைப் புதைச்சு, பிளைவுட்ல ஓட்டை போட்டு அடியிலிருந்து திருகாணி முடுக்குங்க. ஒத்தைக் கால்ல நிக்கறப்ப சாயாது.

குயவர் மண் காஞ்சு வெடிக்கும். எண்ணெய்ப்பசை உள்ள மாடலிங் களிமண்தான் சரி. வெயில்ல இளகுனா பத்து நிமிசம் பிரிட்ஜ்ல வைங்க. வெள்ளை வேட்டியை முதல்ல பிடிச்சுட்டுத்தான் கறுப்பு மண்ணைத் தொடோணும், இல்லீன்னா வேட்டி அழுக்காயிரும்.

லைட்_ஈரோடு:
மினுக்கத்துக்கு முதல் காரணம் போன் தானா வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கறது. ஸ்டாப் மோஷன் (ஒவ்வொரு படமா எடுத்துச் சேர்க்கற) செயலியில ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணர்ற அளவு), ஷட்டர் (ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்கற நேரம்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), போகஸ் நாலையும் பூட்டிருங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் 1/50 நொடி இல்லீன்னா 1/25. 1/60 வச்சா எல்.இ.டி. பல்பு வெளிச்சத்துல படத்துல கோடு விழும்.

ஜன்னலைக் கறுப்புத் துணியால மூடுங்க. படம் எடுக்கறப்ப பிள்ளைக ஒரே இடத்துல நிக்கோணும். அவங்க வெள்ளைச் சட்டையில பட்ட வெளிச்சம் திரும்பிப் பொம்மை மேல அடிக்கும். போனைத் தொடாம இயர்போன் வால்யூம் பட்டன்ல எடுங்க. பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் போட்டா வோல்டேஜ் இறங்கும், அந்த நேரம் பாத்து நிறுத்திக்கங்க.

குரல்பதிவு:
குரலை முன்னாடியே பதிவு பண்ணிருங்க. பேசறதைக் காட்ட அஞ்சு வாய் வடிவம் போதும்: மூடினது (ப, ம), விரிஞ்சது (அ), இழுத்தது (இ, எ), குவிஞ்சது (உ, ஒ), கீழுதடு பல்லுல தொட்டது (வ). நம்மூர் 'சரிங்'ல தான் எல்லாரும் தப்புப் பண்ணுவாங்க. கடைசி 'ங்'குக்கு உதடு மூடாதுங்க. அரை நொடின்னா ஆறு படம்: 'ச'வுக்கு ரெண்டு, 'ரி'க்கு ரெண்டு, 'ங்'குக்கு அதே இழுத்த வாய் ரெண்டு. மூடின வாயை வச்சா 'சரிம்'னு சொல்ற மாதிரி தெரியும்.

கோபி தமிழாசிரியை:
ரொம்ப நன்றிங்க. செம்மண் காட்டுக்கு நிஜ மண்ணையே கொட்டலாங்களா? வேலிக்குக் கிளுவைக் கொப்பு வச்சிருக்கோம்.

பவானிக்காரன்:
சும்மா கொட்டுனா கை பட்ட இடமெல்லாம் துகள் நகரும், திரையில தரை கொதிக்கற மாதிரி ஆயிரும். சலிச்ச மண்ணை பெவிகாலும் தண்ணியும் சரிபாதி கலந்ததுல குழைச்சுப் பலகையில பூசிக் காய விடுங்க. பச்சைக் கிளுவை வேண்டவே வேண்டாம். ரெண்டு மணி நேரத்துல இலை வாடுது. அது படத்துல ஆறே நொடி. நாகம்மாள் பேசி முடிக்கறதுக்குள்ள வேலி சுருண்டுரும். காஞ்ச குச்சியில பச்சைக் காகித இலை ஒட்டிக்கங்க.