வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் ஒரே நூல்: செங்கோட்டை வீட்டுல டைல்ஸ் போட்ட அனுபவம்

டைல்ஸ் போடறதப் பத்தி இங்க எல்லாரும் கலர், ரேட்டுன்னு நிறைய எழுதிட்டீங்க, நான் லேஅவுட், அதாவது டைல்ஸ எங்க ஆரம்பிச்சு எப்படி வரிசையா அடுக்கறதுங்கறத மட்டும் சொல்றேன். எங்களுது செங்கோட்டையில பழைய நீள வீடு. தார்சா (வராண்டா), பட்டாசல் (ஹால்), ரெண்டாங்கட்டு (அதுக்கு அடுத்த உள் ரூம்), அடுப்படின்னு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா போகும், கதவெல்லாம் நேருக்கு நேர், தெருவுல நின்னா கொல்லை தெரியும். இப்படி வீட்டுல ஜாயிண்ட், அதாவது ரெண்டு டைல்ஸ் சேர்ற கோடு, கொஞ்சம் விலகினாலும் வாசல்லயே கண்ணுல படும்.

டைல்ஸ் மேஸ்திரி கேரளா பக்கம் புனலூர்க்காரர். வந்த அன்னைக்கு பெட்டியப் பிரிக்கவே இல்ல. வாசல் நிலைக்கு நடுவுல ஒரு ஆணி, அடுப்படி பின்கதவு நடுவுல ஒரு ஆணி, எல்லா ரூமையும் தாண்டி ஒரே நூல் கட்டிட்டாரு. குறுக்கு நூலுக்கு ஒரு நூல்ல 3 அடி, இன்னொண்ணுல 4 அடி அளந்து குறி போட்டு, குறிக்குக் குறி சரியா 5 அடி வருதான்னு பாத்தாரு, வந்தாத்தான் ரெண்டு நூலும் செங்குத்தா இருக்குன்னு அர்த்தம். "சேச்சி, இந்த வீட்டுல ஒரு சுவரும் நேரே இல்ல, நூலத்தான் நம்பணும்"ன்னாரு.

எங்க மாமாவுக்கு இது பிடிக்கல. ஒவ்வொரு ரூம்லயும் இடது சுவர ஒட்டி முழு டைல்ஸ்ல ஆரம்பிச்சா கட்டிங் கம்மி, வேஸ்ட் ஆகாதுன்னு அவரு கணக்கு. தனி ரூம்னா அது சரிதான். ஆனா ரெண்டாங்கட்டோட இடது சுவர் பட்டாசல் சுவர விட 3 இஞ்ச் உள்ள தள்ளி இருக்கு, ரெண்டையும் சுவர்ல இருந்து ஆரம்பிச்சா நடுக்கதவுல ஜாயிண்ட் 3 இஞ்ச் விலகி நிக்கும். மேஸ்திரி பேசிக்கிட்டே நிக்காம சிமெண்ட் இல்லாம டைல்ஸ சும்மா பரப்பிக் காட்டுனாரு, மாமா வாசப்படியில நின்னு பாத்துட்டு "நூல் படியே போடுப்பா"ன்னுட்டாரு.

அடுத்தது நூல்ல ஜாயிண்ட் வரணுமா, டைல்ஸோட நடு வரணுமாங்கறது. பட்டாசல் அகலம் 11 அடி 3 இஞ்ச், நாங்க எடுத்தது 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைட் டைல்ஸ். டைல்ஸ் நடுவ நூல்ல வச்சா 5 முழு டைல்ஸ் போக ரெண்டு பக்கமும் ஏழரை இஞ்ச் பட்டைதான் மிஞ்சும். ஜாயிண்ட்ட நூல்ல வச்சா பக்கத்துக்கு ரெண்டு முழுசு, அப்புறம் பத்தொன்பதரை இஞ்ச். டைல்ஸுக்கு நடுவுல ஸ்பேசர்னு சின்ன துண்டு வச்சு விடற இடைவெளிக்கு இதுல இருந்து கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ரெண்டாவதையே எடுத்தோம். அழகு மட்டும் காரணம் இல்ல, எங்க சுவர் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் 2 இஞ்ச் சரியுது, ஏழரை இஞ்ச் பட்டையில அந்தச் சரிவு பட்டுன்னு தெரிஞ்சிரும், பத்தொன்பதரையில நம்ம கண்ணு கவனிக்காது. அரை டைல்ஸுக்குக் கம்மியா கட்டிங் வராம பாத்துக்கோங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

தண்ணி ட்யூப் வச்சு எல்லா ரூம் தரை மட்டமும் முதல்லயே பாத்துருங்க. எங்க அடுப்படி முக்கால் இஞ்ச் உசரமா இருந்துச்சு, அத வச்சே வீடு முழுக்க மட்டம் குறிச்சாரு, இல்லன்னா எந்தக் கதவாவது தரையில உரசும்.

பக்கவாட்டுப் படுக்கை ரூமுக்கு மட்டும் நூல இழுக்கல, கதவுக்குக் கீழ கிரானைட் பட்டை குடுத்துட்டு உள்ள தனி லேஅவுட். பட்டை கதவோட கனத்துக்கு நேர் அடியில வரணும், மூடினா ரெண்டு பக்கமும் தெரியாது. தார்சாவுக்கு மேட் ஃபினிஷ்தான், சாரல் சீசன்ல அங்க எப்பவும் ஈரம், பளபளன்னு போட்டா வயசானவங்க வழுக்கி விழுந்துருவாங்க.

வாங்கும்போது எல்லா பெட்டியிலயும் பேட்ச் நம்பர், ஷேட் ஒண்ணா இருக்கான்னு பாத்து மொத்தமா எடுங்க. டைல்ஸ் பின்னாடி அம்புக்குறி இருக்கும், எல்லாம் ஒரே திசையில போகணும், மார்பிள் டிசைன்ல இது ரொம்ப முக்கியம்.

மரநிலைப்படிய எடுக்காம ரூமுக்கு ரூம் கோடு சேத்தவங்க யாராவது இருந்தா எழுதுங்க, நாங்க உள்படியெல்லாம் அறுத்து எடுத்துட்டோம், எங்க சித்தி வீட்டுல தேக்குப் படி, எடுக்க மனசு வரல.