பிரேசிங் வேலையில் இன்னும் மறக்காத ஒரு ஜாயின்ட்

யூபெண்ட்:
ஸ்ரீசிட்டி பக்கம் ஒரு ஏசி கம்பெனி, காயில் லைன், நைட் ஷிஃப்ட். ரிட்டர்ன் பெண்டெல்லாம் (காயில் ஓரத்து வளைவுக் குழாய்) மெஷின் போட்டுவிடும். ஹெடர் (பொதுக் குழாய்), கேபிலரி (மெல்லிய குழாய்) மட்டும் எங்கள் கை பிரேசிங், அதாவது டார்ச் தீயில் கம்பியை உருக்கிக் குழாய்களை ஒட்டுவது. சூட்டில் பைப்புக்குள் கருஞ்செதில் பிடிக்காமல் இருக்க நைட்ரஜன் விட்டுக்கொண்டே ஒட்டுவோம். அன்றைக்குப் பாதி ராத்திரியில் அது தீர்ந்துவிட்டது. "லீக் இல்லைன்னா போதும், ஓட்டுங்க" என்றார் சூப்பர்வைசர். லீக் பார்க்கும் ஹீலியம் சேம்பரில் எல்லாம் பாஸ். விடியற்காலையில் கூட இருந்த அண்ணன் ஒரு ஜாயின்ட்டை அறுத்து வெள்ளைப் பேப்பர் மேல் தட்டினார். கருகிய வெங்காயத் தோல் மாதிரி செதில் செதிலாகக் கொட்டியது. "இதை யார்கிட்ட காட்டுறது?" என்றார். அதற்குள் அந்த ஷிஃப்ட் காயில் எல்லாம் அசெம்பிளிக்குப் போய்விட்டது. யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதோ.

பழைய மெக்கானிக்:
இதற்கா தம்பி தூக்கம் போகிறது? சர்வீஸில் நைட்ரஜன் விட்டுக்கொண்டே பிரேசிங் போடுகிறவர் எத்தனை பேர்? நான் போட்டதெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு மறக்காதது வேறு. மயிலாப்பூரில் மூன்றாவது மாடி சன்ஷேடில் நின்றுகொண்டு ஒரு ஆர்22 (பழைய கேஸ்) ஏசி மெஷின். கேஸ் முழுக்க இறங்கிவிட்டது என்றான் ஹெல்பர். டார்ச்சைக் காட்டியதும் மிச்சமிருந்த கேஸ் பட்டு நீலத் தீ பச்சையாகிவிட்டது. தொண்டை அடைத்து, கண்ணைத் திறக்க முடியவில்லை. பின்னால் ஒரு அடி நகர இடம் கிடையாது.

ஷார்ஜா ரிட்டர்ன்:
மெக்கானிக் அண்ணே, ஆர்22 காலத்துக் கணக்கை இன்றைக்குப் போடாதீர்கள். அப்போது மினரல் ஆயில். இப்போது ஆர்32, ஆர்410ஏ கேஸ் மெஷினில் பிஓஇ என்ற செயற்கை ஆயில் வருகிறது. பைப்புக்குள் ஒட்டியிருக்கும் செதிலைக் கழுவிக்கொண்டு வந்து, கேஸ் போகும் குறுகிய வழியான எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைத்துவிடும். யூபெண்ட் கவலைப்படுவது சரிதான்.

நான் பார்த்தது: நைட்ரஜன் இல்லை என்று ஒரு பையன் பிரஷர் டெஸ்டுக்கு ஆக்சிஜன் ஹோஸை மாட்டிவிட்டான். ஃபோர்மேன் ஓடிவந்து அவனைத் தள்ளிவிட்டு வால்வை மூடினார். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் ஆயிலோடு சேர்ந்தால் கம்ப்ரஸர் வெடிக்கும்.

அப்புறம் புதிதாக வருகிறவர்களுக்கு. செம்புக்குச் செம்பு என்றால் பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பி போதும், ஃபிளக்ஸ் (ஒட்டுமிடத்தைச் சுத்தமாக்கும் பசை) வேண்டாம். பித்தளை வந்தால் ஃபிளக்ஸ் போடுங்கள். இரும்பில் அந்தக் கம்பியே ஆகாது, ஜாயின்ட் நொறுங்கிவிடும். சில்வர் கம்பியும் ஃபிளக்ஸும்தான். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், கம்பியோ 700 தாண்டியதுமே இளக ஆரம்பிக்கும். அதனால் தீயைக் கம்பியில் காட்டாமல் பைப்பில் காட்டுங்கள். கருஞ்சிவப்பு வந்ததும் கம்பியால் தொட்டால் ஜாயின்ட்டே உருகியதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பைப்பின் மறுமுனையில் நைட்ரஜன் கையில் லேசாகப் படும் அளவுக்கு விட்டால் போதும். அழுத்தம் ஏறினால் ஊசித்துளை விழும். சர்வீஸ் வால்வு சூட்டில் கெடாமல் இருக்க ஈரத்துணி சுற்ற மறக்காதீர்கள்.

ஒரகடம் அக்கா:
எங்கள் லைனில் லீக் வந்த காயிலில் சாக்பீஸ் வட்டம் போட்டு அவரவர் மேசைக்கே திருப்பி அனுப்புவார்கள். ஒருநாள் என் மேசைக்கு ஒன்று வந்தது. "பொண்ணுங்க கை நடுங்கும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார் இன்சார்ஜ். நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டினேன். குமிழி வந்தது பெண்டில், மெஷின் போட்ட இடத்தில். "சரி, மெயின்டனன்ஸைக் கூப்பிடுங்க" என்று போய்விட்டார். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய மெக்கானிக்:
அது கேவலம்மா. ஷார்ஜா தம்பி, டிகிரி பார்த்து யார் டார்ச் பிடிக்கிறார்கள்? நிறம் பார்த்துத்தான். கடைசியில் நீங்களும் அதைத்தானே எழுதியிருக்கிறீர்கள்!