ராணுவத்திலிருந்து வந்த அண்ணனுக்கு பிடிஎஸ்டி (பயங்கர அனுபவத்துக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு): எந்தச் சிகிச்சை கைகொடுத்தது?

வணக்கம். அண்ணன் போர்முனையில் இருந்தவர். இரவில் தூக்கமே இல்லை. கதவு சத்தமாகச் சாத்தினால் சுவரோரம் ஒதுங்கிவிடுகிறார். குடியும் கூடிவிட்டது.

மருத்துவமனையில் பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்கும் பிசிஎல்-5 கேள்வித்தாள் கொடுத்தார்கள். 20 கேள்விகள், மொத்தம் 80 மதிப்பெண். 31-33 வந்தாலே கூடுதலாகப் பரிசோதிப்பார்கள். இவர் பாதிக்கு மேல் 'இல்லவே இல்லை' என்று குறித்துவிட்டார்! பட்டாளத்துக்காரர் பலவீனத்தை அவ்வளவு லேசில் ஒத்துக்கொள்வாரா? தாளை மட்டும் நம்பக்கூடாது, மருத்துவர் நேரில் கேட்டு மதிப்பிடும் கேப்ஸ்-5 என்ற நேர்காணலும் வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு உங்கள் வீட்டில் பாதிக்கப்பட்டவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

அப்புறம் சிகிச்சை. நினைவுகளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, தவிர்க்கும் இடங்களுக்கும் படிப்படியாகப் போகவைப்பது ஒரு முறை. குற்றவுணர்ச்சி போன்ற எண்ணங்களை எழுதி அலசும் சிபிடி இன்னொன்று. பொதுவாக 12 அமர்வுகள். நண்பனை இழந்த குற்றவுணர்ச்சிதான் இவரை அதிகம் அரிப்பதால் சிபிடி பொருந்தும் என்று படுகிறது. யாராவது இதை முழுதாக முடித்திருக்கிறீர்களா? குடியை நிறுத்திய பிறகுதான் தொடங்கினார்களா, சேர்த்தே நடந்ததா?

செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதியிருக்கிறார்கள், சரி. தூக்கத்துக்கு பென்சோடயஸபின் வகை மாத்திரை பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று படித்தேன். மருத்துவரிடம் அதை எப்படிப் பேசினீர்கள்? குண்டுவெடிப்பில் தலையில் அடிபட்டதையும் தனியாகச் சோதித்தார்களா?