ஆடைத்துணையா, துணையணியா? சுங்கப் பட்டியலின் 'ஆக்சஸரீஸ்' பற்றி

வணக்கம்.

சரக்குகளை எண் கொடுத்து வகைப்படுத்தும் சுங்கப் பட்டியலுக்குத் தமிழ்ச் சொற்பட்டியல் சேர்க்கிறோம். அதில் 'க்ளோத்திங் ஆக்சஸரீஸ்' என்பதற்குத் 'துணையணி' என்று அக்கா எழுதியிருந்தார்கள், நாலைந்து பேர் அதற்குச் சரி என்றும் சொல்லிவிட்டீர்கள். சொற்பட்டியலில் ஏற்றுவதற்கு முன் நான் சொல்வதையும் கேளுங்கள். தூத்துக்குடியில் பதினெட்டு வருடமாகக் கிளியரிங் வேலை, அதாவது சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் வேலை பார்க்கிறேன். வந்திறங்கும் துணிச்சரக்குக்குச் சுங்கப் பட்டியலின் எண் போடுவதுதான் பாதி நாள் வேலை, அதனால் இந்தச் சொல் எங்கே இடிக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

திருப்பூரில் யாரிடமாவது போய் ஆக்சஸரீஸ் என்றால் என்னவென்று கேளுங்கள். பட்டன், ஜிப், எலாஸ்டிக், லேபிள், பாலித்தீன் கவர் என்று சொல்வார்கள். பனியன் கம்பெனியில் ஆக்சஸரீஸ் ஸ்டோர் என்றே தனி அறை இருக்கும். சுங்கப் பட்டியலில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே அது சால்வை, கையுறை, டை, துணி பெல்ட் மாதிரி ஆடையோடு சேர்த்துப் பயன்படுத்தும், தனியாகவே விற்கக்கூடிய, முடிந்த பொருள். பட்டியல் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அத்தியாயத்தைக் குறிக்கும். பட்டன் 9606, ஜிப் 9607, நெய்த லேபிள் 5807, நாடாவாக நெய்த எலாஸ்டிக் 5806. இவற்றில் ஒன்றுகூட 61, 62 என்ற ஆடை அத்தியாயங்களுக்குள் வராது.

இது ஏட்டுப் பிரச்சினை இல்லை. சில வருடங்களுக்கு முன் எங்களிடம் ஒரு சரக்கு வந்தது, இன்வாய்ஸில் 'காட்டன் கார்மென்ட் ஆக்சஸரீஸ்' என்று ஒரே வரி. புதிதாகச் சேர்ந்த பையன் பட்டியலைத் திறந்து பார்த்தான், 6217-இல் அந்தச் சொல் அப்படியே இருந்தது, பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் படிவத்தில், அதையே போட்டுவிட்டான். பெட்டியைத் திறந்தால் லேபிளும் எலாஸ்டிக்கும் பட்டனும். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, படித்த சொல்லை நம்பித்தானே போட்டான். ஆனால் விளக்கம் கொடுத்து, திருத்தி, சரக்கை வெளியே எடுப்பதற்குள் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறிவிட்டது, தையல் லைனில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்ததாக அந்த இறக்குமதியாளர் போனில் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கிற இந்தக் குழப்பத்தை நாம் தமிழுக்கும் தூக்கி வரக்கூடாது என்பதுதான் என் ஒரே கவலை. அதனால் இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும்.

பட்டன், ஜிப் வகைக்குப் புதிதாக எதுவும் உருவாக்க வேண்டாம், 'தையல் சாமான்' போதும், கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

இப்போது 'துணையணி'க்கு வருகிறேன். அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் 'அணி' என்றதும் மனம் அணிகலனுக்குப் போகிறது, நகைக்கு 71 என்று தனி அத்தியாயமே இருக்கிறது, கவரிங் நகைகூட அங்கே 7117-இல்தான். வளையலும் கழுத்துமாலையும் துணையணி இல்லையா என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வோம்? அதைவிடப் பெரிய இடைஞ்சல் கைக்குட்டை. 62-ஆம் அத்தியாயத்தின் பெயரில் இருப்பதே இரண்டு வகைதான், ஆடை, ஆக்சஸரீஸ். கைக்குட்டை ஆடை இல்லை, ஆகவே இரண்டாவதில்தான் சேர வேண்டும். அதை யாரும் அணிவதில்லை, பையில் மடித்து வைக்கிறோம். இதில் இன்னொன்றும் உண்டு. சதுரமாகவோ ஏறத்தாழச் சதுரமாகவோ இருக்கும் ஸ்கார்ஃப், எந்தப் பக்கமும் 60 சென்டிமீட்டருக்கு மேல் போகாவிட்டால், கழுத்தில் கட்டத்தான் வாங்கினீர்கள் என்றாலும் கைக்குட்டையாகவே 6213-க்குப் போகும். ஒரு பக்கம் 60-ஐத் தாண்டிய கைக்குட்டை, சால்வையோடு 6214-க்குப் போகும். அணிகிறோமா இல்லையா என்பதை இந்த விதி பார்ப்பதே இல்லை, ஸ்கேலை வைத்து அளக்கிறது. அதனால் அணிவதை அடையாளமாகக் கொண்ட சொல் இங்கே நிற்காது.

'உடனணி' என்று இலங்கை நண்பர் சொன்னதற்கும் இதே தடைதான். அதோடு வேகமாகப் படித்தால் 'உடனடி' என்று கண்ணில் படுகிறது. நானே முதல் தடவை அப்படித்தான் படித்தேன்.

என் முன்மொழிவு 'ஆடைத்துணை'. ஆடைக்குத் துணையாக நிற்பது, அவ்வளவுதான். அணிந்தாலும் சரி, பையில் வைத்தாலும் சரி. நகை இதில் வராது. தோல் பெல்ட்டுக்கும் பொருந்தும், அது 4203-இல் தோல் ஆடைகளோடும் ஆடைத்துணைகளோடும் வருகிறது, பருத்தி பெல்ட் நெய்ததாக இருந்தால் 6217. ஒரே சொல்லை இரண்டு அத்தியாயத்திலும் கூசாமல் போடலாம்.

'பாகம்' தனி. டி-ஷர்ட்டுக்கென்று பின்னி வரும் காலர் துண்டு துணையும் இல்லை, தையல் சாமானும் இல்லை, அது ஆடையின் பாகம், பின்னிய ஆக்சஸரீஸுக்கும் பாகங்களுக்குமான 6117-இன் இரண்டாம் பாதியில் வரும். இதை 'உதிரி' என்று எழுதலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், உதிரி என்றால் பழுதானதற்கு மாற்றாகப் போடும் பொருள் என்று நினைப்பார்கள்.

பின்னல், நெசவு இரண்டிலும் விவாதமே தேவையில்லை. 61 பின்னியது, 62 பின்னாதது. பருத்தி டி-ஷர்ட் 6109, ஆண்களுக்கான நெய்த பருத்திச் சட்டை 6205. பின்னலாடை என்ற சொல் திருப்பூரில் எல்லார் வாயிலும் இருக்கிறது, இதைவிடத் துல்லியமாக நாம் ஒன்றும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: பனியன் துணியையும் 'நெய்வது' என்று பேச்சில் சிலர் சொல்வார்கள், நம் சொற்பட்டியலில் அது நுழைந்தால் 61-உம் 62-உம் கலந்துவிடும்.

கலப்புத் துணி பற்றியும் கேட்டிருந்தீர்கள். எடையில் எந்த இழை அதிகமோ முழுத்துணியும் அதுவாகவே கொள்ளப்படும், 60 சதவீதம் பருத்தியும் 40 சதவீதம் பாலியெஸ்டரும் என்றால் பருத்திதான். அந்த இழையை 'மேலோங்கிய இழை' என்று எழுதியிருந்தார்கள். 'எடையில் மிகுந்த இழை' என்று போட்டால் எதில் மிகுதி என்ற கேள்வியே எழாது.

நான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுவதற்குக் காரணம், சுங்கப் பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் விளக்க விதிகளில் முதலாவது. பிரிவு, அத்தியாயம் இவற்றின் பெயர்கள் தேடுவதற்கு வசதிக்காக மட்டுமே. சட்டப்படி செல்லுபடியாவது நான்கு இலக்கத் தலைப்பின் சொற்களும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளும்தான். ஆகவே அத்தியாயப் பெயரில் ஒரு சொல் நன்றாக உட்கார்ந்தால் போதாது, தலைப்பின் வாசகத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். 6117-ஐ இப்படி எழுதிப் பார்த்தேன்:

'பின்னிய பிற ஆடைத்துணைகள், செய்து முடித்தவை. ஆடைகளுக்கோ ஆடைத்துணைகளுக்கோ உரிய பின்னிய பாகங்கள்.'

குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) வேலையையும் 'பின்னிய' என்பதிலேயே அடக்கிவிட்டேன், மூலத்தில் அது தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது, தனியாகவே வேண்டும் என்றால் 'பின்னிய அல்லது குரோஷா போட்ட' என்று மாற்றலாம். அக்கா, இதே வாசகத்தில் 'துணையணி'யை வைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அப்புறமும் அதுவே மேல் என்று தோன்றினால் எழுதுங்கள், கைக்குட்டைக்கு என்ன வழி என்பதையும் சேர்த்து.