2 மைக்ரான் துகள் சுவரில் அளவுக்கு மீறிப் படிகிறது: மெஷ்ஷா, மாடலா?

கேள்வி

வணக்கம். காற்று ஓடும் செங்குத்துக் குழாய், உள்விட்டம் 12.7 மி.மீ., ரெனால்ட்ஸ் எண் 10,000. லியு, அகர்வால் 1974-ல் வெளியிட்ட சோதனையோடு ஒப்பிடத்தான் இந்த அளவு. கணினியில் உருவகப்படுத்துகிறேன்: கே-எப்சிலான் (கொந்தளிப்பு மாடல்; கே என்பது கொந்தளிப்பின் இயக்க ஆற்றல்), வால் ஃபங்ஷன் (சுவரோரப் பகுதியை மெஷ்ஷால் பிடிக்காமல் சூத்திரத்தால் நிரப்புவது), மெஷ்ஷின் முதல் செல் மையம் ஒய்-பிளஸ் (சுவரிலிருந்து பரிமாணமற்ற தூரம்) 30. துகள் 2 மைக்ரான், அடர்த்தி 1000 கி.கி./க.மீ. வழக்கமான ரேண்டம் வாக் (காற்றின் ஏற்ற இறக்கத்தைத் தற்செயல் எண்களால் துகளுக்குக் கொடுக்கும் முறை) போட்டு 10,000 துகள் விட்டால் 1 மீட்டருக்குள் பாதிக்கு மேல் ஒட்டிவிடுகிறது. மெஷ்ஷை நெருக்கினால் போதுமா, சாஃப்மன் லிஃப்ட்டும் (காற்றின் வேகச் சரிவு துகளைப் பக்கவாட்டில் தள்ளும் விசை) சேர்க்க வேண்டுமா?

பதில் 1

லிஃப்ட்டை இப்போதைக்கு விடுங்க. முதலில் உங்க எண்களைப் பாருங்க. சராசரி வேகம் 11.8 மீ/வி, உராய்வு வேகம் (சுவர் உராய்வை வேகமாகச் சொல்லும் அளவு) 0.74 மீ/வி. அப்படியானால் ஒய்-பிளஸ் 1 என்பது வெறும் 20 மைக்ரான். உங்க முதல் செல் மையமோ சுவரிலிருந்து 600 மைக்ரான் தள்ளி நிற்கிறது. அந்தச் செல்லின் கே மதிப்பிலிருந்து மூன்று திசைக்கும் ஒரே ஏற்ற இறக்கத்தை எடுக்கிறீங்க: ஏறத்தாழ 1.1 மீ/வி. சுவரை நோக்கிய உண்மையான ஏற்ற இறக்கம் ஒய்-பிளஸ் 1-ல் 0.004 மீ/வி அளவுதான். துகள் சுவரைத் தொடும் வரை அந்த 1.1 அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒட்டாமல் என்ன செய்யும்?

மெஷ் மட்டும் நெருக்கினாலும் தீராது. ஒய்-பிளஸ் 1 வரை கே-வைச் சரியாகப் பிடித்தாலும், மூன்று திசைக்கும் சமமாகப் பங்கிட்டால் சுவருக்குச் செங்குத்தான கூறு 30 முதல் 50 மடங்கு கூடுதலாக வரும். சுவரில் அந்தக் கூறு தூரத்தின் வர்க்கமாகச் சாகிறது. மற்ற இரண்டும் தூரத்துக்கு நேர்விகிதமாகத்தான் குறையும். அதனால் இரண்டையும் சேர்த்தே செய்யணும்: வால் ஃபங்ஷனை எடுத்துவிட்டு முதல் செல்லை ஒய்-பிளஸ் 1-க்குக் கீழே கொண்டுவாங்க, ஒய்-பிளஸ் 80-க்குள் சுவருக்குச் செங்குத்தான கூறை [1 − எக்ஸ்ப்(−0.02 × ஒய்-பிளஸ்)] என்பதால் பெருக்குங்க. கே மதிப்பைத் துகள் நிற்கும் இடத்துக்கு இடைக்கணிப்பு செய்து எடுக்கணும். செல் மைய மதிப்பையே எடுத்தால் கடைசிச் செல்லில் பழைய பிழை திரும்ப வந்துவிடும்.

பதில் 2

மேலே சொன்னது சரி, ஆனால் அதோடு நிறுத்தினால் வேறொரு பொய் முளைக்கும். ஏற்ற இறக்கம் இடத்துக்கு இடம் மாறும்போது சாதாரண ரேண்டம் வாக், நிறையே இல்லாத துகளைக்கூடச் சுவர்ப் பக்கம் குவித்துவிடும். டர்போஃபோரெசிஸ் (நிறையுள்ள துகள் கொந்தளிப்பு குறைந்த பக்கம் நகர்வது) மாதிரியே தெரியும், ஆனால் அது இல்லை. சோதிக்க எளிய வழி: டிரேசரை (காற்றோடு அப்படியே போகும் நிறையற்ற துகளை) குறுக்குவெட்டு முழுக்கச் சீராகத் தூவி, சுவரில் ஒட்டாமல் திருப்பி அனுப்பி, நெடுநேரம் ஓடவிடுங்க. செறிவு சீராகவே இருக்கணும். இல்லையென்றால் ஏற்ற இறக்க வர்க்கத்தின் சாய்வை 1/(1 + ஸ்டோக்ஸ் எண்)-ஆல் பெருக்கி டிரிஃப்ட் (நகர்வு) திருத்தமாகச் சேர்க்கணும். உங்க துகளின் தளர்வு நேரம் (காற்றின் வேகத்துக்குத் துகள் இணங்க எடுக்கும் நேரம்) 12 மைக்ரோ விநாடி, சுவர்ப் பக்கச் சுழலின் நேரம் சுமார் 270; இரண்டின் விகிதமான ஸ்டோக்ஸ் எண் 0.05-ஐத் தாண்டாது. ஆகவே திருத்தம் ஏறக்குறைய முழுசாகத் தேவை. இந்தச் சோதனை தேறாமல் எந்தப் படிவு எண்ணையும் நம்பாதீங்க.

கேட்டவர்

நன்றி. அப்படியானால் எவ்வளவு படிய வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா?

பதில் 1

முடியும். பரிமாணமற்ற தளர்வு நேரம் உங்களுக்கு 0.45. அந்தப் பகுதியில் பரிமாணமற்ற படிவு வேகம் அதன் வர்க்கத்தை 0.0006-ஆல் பெருக்கினால் வரும்: 0.00012. உராய்வு வேகத்தால் பெருக்கினால் 0.00009 மீ/வி. 1 மீட்டரில் 0.24 சதவீதம், அதாவது 10,000-க்கு 24 துகள். 24-ஐ எண்ணினால் புள்ளியியல் பிழையே 20 சதவீதம் வரும். குறைந்தது ஒரு லட்சம் விடுங்க. குழாயைக் கிடையாக வைத்துவிடாதீங்க: இந்தத் துகள் புவியீர்ப்பில் இறங்கும் வேகமே 0.00012 மீ/வி, நீங்க அளக்கப் போவதைவிட அதிகம்.