மறு: ‘வர்ச்சுவல் ரேம்’ – ‘இரவல் நினைவகம்’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ரேம் என்பது செயலிகள் ஓடும்போது போன் பயன்படுத்தும் வேகமான நினைவகம். படம், வீடியோ, செயலிகள் தங்கும் சேமிப்பகத்தில் ஒரு பகுதியை எடுத்து ரேமுக்குத் துணையாக வைப்பதைத்தான் போன் பெட்டிகளில் ‘வர்ச்சுவல் ரேம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று பேசும் இந்த இழையில் இதுவரை ஐந்து யோசனைகள் வந்திருக்கின்றன: மெய்நிகர் நினைவகம், நீட்டித்த நினைவகம், கூடுதல் நினைவகம், கடன் நினைவகம், அப்புறம் ‘வர்ச்சுவல் ரேம்’ என்றே விட்டுவிடலாம் என்பது. எனக்கு ஐந்திலும் மனம் ஒப்பவில்லை. நான் முன்வைப்பது ‘இரவல் நினைவகம்’. பேச்சில் ‘இரவல் ரேம்’ என்றாலே போதும். பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு போன் வாங்கக் கடைக்குப் போகிறவரின் காசோடு சம்பந்தப்பட்ட சொல் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> மெய்நிகர் நினைவகம் என்று அகராதிகளில் ஏற்கெனவே இருக்கிறதே. புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, அது ஏற்கெனவே இருப்பதுதான் சிக்கல். மெய்நிகர் நினைவகம் என்பது கணினியியலில் வேறொரு பொருளுக்கு உரிய சொல். 1962-ல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் அந்தக் கருத்து நடைமுறைக்கு வந்தது. வேகமான உள் நினைவகமும் மெதுவான காந்த உருளைச் சேமிப்பகமும் தனித்தனியாக இருந்தாலும், நிரல் எழுதுகிறவருக்கு எல்லாம் ஒரே நீண்ட நினைவகமாகத் தெரியும்படி செய்தார்கள். எந்தப் பக்கம் (நினைவகத்தைப் பிரித்த சிறு துண்டு) எங்கே இருக்கிறது என்ற கவலையை இயந்திரமே எடுத்துக்கொண்டது. இன்று நம் கையில் இருக்கும் எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஒவ்வொரு செயலியும் தனக்கென்று இப்படி ஒரு நீண்ட நினைவகம் இருப்பதுபோலத்தான் ஓடுகிறது.

போன் பெட்டியில் அச்சிடும் ‘வர்ச்சுவல் ரேம்’ அந்த முழு ஏற்பாட்டின் பெயர் இல்லை. சேமிப்பகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, ரேமில் சும்மா கிடக்கும் பக்கங்களை அங்கே தள்ளிவைக்கும் ஒரே ஒரு வசதியைத்தான் அது குறிக்கிறது. அமைப்புகளுக்குள் போய் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். மெய்நிகர் நினைவகம் அப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அது இல்லாமல் போனே இயங்காது. ஒன்றை அணைத்தபின்னும் மற்றொன்று இருக்கிறதென்றால் இரண்டுக்கும் ஒரே பெயரை வைக்கக் கூடாது. பொறியியல் மாணவர் பாடத்தில் படிக்கும் சொல்லும் போன் பெட்டியில் இருக்கும் சொல்லும் மோதினால், குழம்புவது மாணவர்தான்.

நிறுவனங்களுக்குள்ளேயே இதற்கு ஒரு பெயர் இல்லை என்பதையும் பாருங்கள். 2021 வாக்கில் இந்த வசதி பரவியபோது ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். சாம்சங்கில் ரேம் பிளஸ், ரியல்மியில் டைனமிக் ரேம் எக்ஸ்பான்ஷன், விவோவில் எக்ஸ்டெண்டட் ரேம், சியோமியில் மெமரி எக்ஸ்டென்ஷன், டெக்னோவில் மெமரி ஃபியூஷன். பெயர் ஐந்து, வேலை ஒன்று. ஆங்கிலத்தைப் பார்த்துச் சொல்லாக்கினால் எந்தப் பெயரைப் பார்ப்பது? வேலையைப் பார்த்துப் பெயர் வைப்பதுதான் நமக்கு வழி. மேலே உள்ள ஐந்து பெயரும் ‘கூடுகிறது, நீள்கிறது, சேர்கிறது’ என்ற பக்கத்தை மட்டும் சொல்கின்றன. கூடுவது எங்கிருந்து வருகிறது என்பதை ஒன்றுகூடச் சொல்லவில்லை. ‘நீட்டித்த’, ‘கூடுதல்’ என்ற நம் பரிந்துரைகளுக்கும் அதே குறை உண்டு.

வரும் இடம் சேமிப்பகம். 64 ஜிபி என்று விற்கும் போனில் இயங்குதளமும் கூடவே வரும் செயலிகளும் பத்துப் பன்னிரண்டு ஜிபிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் 4 ஜிபியை ரேமுக்கென்று ஒதுக்கினால் படம், வீடியோ வைக்கும் இடத்தில் அந்த 4 ஜிபி குறையும். வேகமும் வேறு. இந்த விலைப் போன்களில் பெரும்பாலும் இருக்கும் எல்பிடிடிஆர்4எக்ஸ் ரேம் 32 பிட் அகலமுள்ள பாதையில் உச்சமாக வினாடிக்குச் சுமார் 17 ஜிபி வரை தரவைக் கொண்டுபோகும். மலிவான சேமிப்பக வகையான இஎம்எம்சி 5.1-ன் உச்சம் வினாடிக்கு 400 எம்பி. அதைவிட வேகமான வகையான யுஎஃப்எஸ் 2.2 என்றால் சுமார் 1,200 எம்பி. இவையெல்லாம் தாளில் உள்ள உச்ச அளவுகள். பக்கங்களை வெளியே தள்ளி உள்ளே இழுக்கும் வேலை 4 கேபி, 4 கேபியாக அங்கங்கே சிதறி நடப்பது. அதில் இஎம்எம்சி இந்த உச்சத்தின் கிட்டேகூட வராது. ஒரு துணுக்கைத் தேடி எடுக்க ரேமுக்கு நூறு நானோவினாடி அளவு போதும். ஃபிளாஷ் சேமிப்பகத்துக்கு (இஎம்எம்சி, யுஎஃப்எஸ் இரண்டும் இந்த வகைதான்) நூறு மைக்ரோவினாடி அளவு வேண்டும். ஆயிரம் மடங்கு இடைவெளி. 4 ஜிபி ரேமையும் இந்த 4 ஜிபியையும் கூட்டி ‘8 ஜிபி’ என்று ஒரே எண்ணாகப் பெட்டியில் போடும்போது வாங்குகிறவருக்குத் தெரியாமல் போவது இந்த இடைவெளிதான்.

> அப்படியென்றால் ‘போலி ரேம்’ என்றே சொல்லிவிடலாமே.

கூடாது என்று நினைக்கிறேன். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் கலைச்சொல் வசவாக இருக்கக் கூடாது. அந்த வசதி உண்மையிலேயே ஒரு வேலை செய்கிறது. ரேம் நிரம்பிவிட்டால் ஆண்ட்ராய்டு பின்னணியில் இருக்கும் செயலிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரும். அப்படி மூடாமல், தொடாமல் கிடக்கும் பக்கங்களைச் சேமிப்பகத்துக்குத் தள்ளிவைத்தால், அரைமணி நேரம் கழித்து அந்தச் செயலிக்குத் திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடர வாய்ப்பு உண்டு. 3 ஜிபி, 4 ஜிபி போன்களில் இது சிறு உதவிதான், ஆனால் உதவிதான். முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் கேமுக்கோ கேமராவுக்கோ அது வேகம் தராது. ஃபிளாஷ் நினைவகத்தை எழுதி அழிக்கும் தடவைகளுக்கு வரம்பு உண்டு என்பதால், ஓயாமல் அங்கே எழுதுவதற்கு ஒரு விலையும் உண்டு. நன்மை, வரம்பு இரண்டுக்கும் இடம் தரும் சொல் வேண்டும். போலி என்றால் நன்மை மறைந்துவிடும். கூடுதல் என்றால் வரம்பு மறைந்துவிடும்.

இனி ‘இரவல்’ ஏன் என்பதற்கு வருகிறேன்.

கடனுக்கும் இரவலுக்கும் நம் பேச்சில் ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்கினால் அது கடன். திருப்பித் தருவது வேறு அரிசி. உலக்கை வாங்கி வந்தால் அது இரவல். அதே உலக்கைதான் திரும்பிப் போக வேண்டும். வாங்கிய பொருள் செலவாவதில்லை, உடைமையும் மாறுவதில்லை, கொடுத்தவருக்கு அது கையில் இல்லாத குறை மட்டும் இருக்கும். போனில் நடப்பதும் இதுவே. சேமிப்பகத்திலிருந்து 4 ஜிபி போகிறது. வசதியை அணைத்தால் அதே 4 ஜிபி அப்படியே திரும்பி வருகிறது. இடைப்பட்ட காலத்தில் சேமிப்பகத்துக்கு அது இல்லை. ‘கடன் நினைவகம்’ என்று முதலில் எழுதிய தங்கை கிட்டத்தட்ட வந்துவிட்டார், ஒரு அடிதான் பாக்கி. ‘கைமாற்று’ என்றும் யோசித்துப் பார்த்தேன். உள்ளும் வெளியுமாக மாறும் வேலையையும் அந்தச் சொல் தொடுவதால் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது பணத்தோடு ஒட்டிக்கொண்ட சொல், பிரிப்பது கடினம்.

இரவல் என்றாலே ‘சொந்தம் இல்லை, இதை நம்பிச் சொந்தத்தை விடாதே’ என்ற எச்சரிக்கையும் கூட வருகிறது. ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்ற பழமொழி தெரிந்த யாருக்கும் ‘ரேம் 4, இரவல் 4’ என்று பெட்டியில் போட்டால் விளக்கவுரை தேவையில்லை. அதே சமயம் அது இழிசொல்லும் இல்லை. நூலகத்தில் இரவல் புத்தகம் என்கிறோம், யாரும் அதைப் போலிப் புத்தகம் என்று எடுத்துக்கொள்வதில்லை.

> ஒரே போனுக்குள் இருப்பதை எப்படி இரவல் என்பது? எல்லாம் நம்முடையதுதானே.

நல்ல கேள்வி. போனின் சொந்தக்காரரை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இங்கே வாங்குவதும் கொடுப்பதும் இரண்டு உறுப்புகள்: நினைவகம் வாங்குகிறது, சேமிப்பகம் கொடுக்கிறது. இரண்டுக்கும் விலை வேறு, சில்லு வேறு, வேலை வேறு. இரண்டும் நம்முடையவை என்பதற்காக ஒன்றின் கணக்கை மற்றதில் எழுத முடியாது. பெட்டியில் 64 ஜிபி சேமிப்பகம் என்றும் எழுதி, அதிலிருந்து எடுத்த நாலை ரேமிலும் எழுதுவது ஒரே பொருளை இரண்டு இடத்தில் எண்ணுவது.

> கடையில் எல்லாரும் ரேம் என்றுதான் சொல்கிறார்கள். நாம் மட்டும் எழுதி என்ன ஆகும்?

ரேமை நான் தொடவில்லை. ‘தற்போக்கு அணுகல் நினைவகம்’ என்று கடையில் கேட்கச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன். இரவல் ரேம் என்று பாதி தமிழாக இருந்தாலே வேலை நடக்கும். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தந்த ‘இணையம்’ என்ற சொல் இன்று எல்லார் வாயிலும் வருகிறது. அது சின்னது, ‘இணை’ என்ற வேர் எல்லாருக்கும் தெரிந்தது. இரவலுக்கும் அந்த இரண்டு தகுதிகளும் உண்டு.

சமீபத்தில் கல்லூரியில் சேர்ந்த அக்கா மகளுக்குப் போன் பார்க்கப் போயிருந்தோம். பெட்டியின் முன்பக்கம் பெரிதாக ‘8 ஜிபி ரேம்’, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தின் விளக்கம் பெட்டியின் அடிப்பக்கம், ஐஎம்இஐ ஒட்டுத்தாளுக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு வரி: ‘4 ஜிபி + 4 ஜிபி வரை’. கடைப் பையன் பொய் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே ‘எட்டு ஜிபி சார்’ என்பதுதான். காட்சிக்கு வைத்திருந்த போனில் அமைப்புகளைத் திறந்து, ‘போனைப் பற்றி’ என்ற பக்கத்தில் காட்டினேன்: 4.00 ஜிபி + 4.00 ஜிபி. பிறகு உலாவியில் ஒரு செய்திப் பக்கத்தைப் பாதி வரை உருட்டி வைத்துவிட்டு, கேமரா, வரைபடம், யூடியூப் என்று வரிசையாகத் திறந்தோம். திரும்ப உலாவிக்கு வந்தபோது பக்கம் வெள்ளையாகி மேலிருந்து மறுபடி ஏறியது. நெட் மெதுவா என்று அவள் கேட்டாள். ‘ரேம் நாலுதான், மிச்சம் நாலு சேமிப்பிலிருந்து வாங்கின இரவல்’ என்றேன். ‘ஓ, அப்போ ஆறு ஜிபி உள்ளதைக் காட்டச் சொல்லுங்க மாமா’ என்று அவளே அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். மெய்நிகர் என்று ஆரம்பித்திருந்தால் அங்கேயே நின்று பாடம் நடத்த வேண்டியிருந்திருக்கும்.

இங்கே எழுதும் நண்பர்களில் பலர் வீட்டார்க்கும் ஊரார்க்கும் போன் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறவர்கள் என்பதால் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். இரவல் 4 உள்ள 4 ஜிபி/64 ஜிபி இஎம்எம்சி போனையும், இரவலே இல்லாத 6 ஜிபி/128 ஜிபி யுஎஃப்எஸ் 2.2 போனையும் ஒப்பிட்டால், பெட்டி எண்ணில் முதலாவது எட்டு, இரண்டாவது ஆறு. மூன்று வருடம் வைத்துக்கொள்ளப் போகிறவர் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும், ஆயிரம் இரண்டாயிரம் கூட ஆனாலும். சேமிப்பகம் நிரம்ப நிரம்ப ஃபிளாஷின் எழுதும் வேகமும் குறையும்; அப்போது இரவலின் பயனும் அதோடு குறையும்.

இலக்கண நண்பர்கள் கேட்பதற்கு முன்பே: ஆம், புணர்ச்சிப்படி எழுதினால் ‘இரவனினைவகம்’. ‘கடல் நீர்’ என்று பிரித்து எழுதுவது போல இதையும் பிரித்தே எழுதுவோம். திரையில் படிக்கிறவருக்கு ‘இரவல்’ முழுதாகத் தெரிய வேண்டும். பொத்தான்களுக்கு நீளமும் ஒத்துவருகிறது: ‘இரவல் அளவு’, ‘இரவலை அணை’.

ஒரு பிரச்சினை மட்டும் தீராமல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 4.4 வந்த 2013-லிருந்தே, ரேமுக்குள்ளேயே ஒரு பகுதியில் பக்கங்களைச் சுருக்கி வைக்கும் ‘இசட்ரேம்’ என்ற வசதியும் உண்டு. அங்கே சேமிப்பகத்திலிருந்து எதுவும் வாங்குவதில்லை. ரேம் தனக்குள்ளேயே மடித்து வைத்துக்கொள்கிறது. அதை இரவல் என்று சொல்லிவிடக் கூடாது. ‘சுருக்கு நினைவகம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் சுருக்கு என்றால் கயிற்றுச் சுருக்கும் நினைவுக்கு வருகிறது. ‘மடிப்பு நினைவகம்’ பொருந்துமா? மடிப்புத் திரைப் போன்களோடு குழம்புமோ என்றும் யோசனை.

கலைச்சொல் பட்டியலில் சேர்க்க நான் எழுதியுள்ள வரைவு இது:

இரவல் நினைவகம் (பேச்சில்: இரவல் ரேம்) – திறன்பேசியின் சேமிப்பகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, ரேமில் பயன்படாமல் இருக்கும் பக்கங்களைத் தற்காலிகமாக அங்கே வைக்கும் வசதி, அவ்வாறு ஒதுக்கிய அளவு. ரேமைவிட மெதுவானது. ரேமின் அளவோடு கூட்டிச் சொல்லக் கூடாது. எ.கா.: “ரேம் 4 ஜிபி, இரவல் 4 ஜிபி வரை.”

‘கூட்டிச் சொல்லக் கூடாது’ என்ற வரி அகராதி விளக்கத்துக்குள் வரலாமா என்று இழையில் உள்ளவர்கள் சொல்ல வேண்டும். வர வேண்டும் என்பது என் கருத்து. இசட்ரேமுக்கு வேறு சொல் தோன்றுகிறவர்கள் தனி இழையில் எழுதுங்கள், இரண்டையும் இங்கேயே கலக்க வேண்டாம்.

அன்புடன்.